சிறிய ஸ்கூட்டரிற் சுகமான பயணம்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே வாழ்பவருக்கு நாள்தோறும் நீரைக் கடந்து போய் வருதல் புதியதொன்றன்று. கதிரவன் எழும் திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், அவன் படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். ஒரு கரையில் வீடு, மறு கரையில் வயல் அல்லது உத்தியோகம் என்று வாழ்ந்த குடும்பங்கள் பல. அக்காலத்திலே அவர்களைத் தோணியும், 'பாதை' என்று இங்கு வழங்கும் மிதவையும் சுமந்தன. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் அவ்வேலையிற் பெரும்பங்கை இரு சில்லு வாகனங்கள் ஏற்றுக்கொண்டன.

காலை வேளையிற் கல்லடிப் பாலத்தருகே சிறிது நேரம் நின்று பார்ப்பவர் இதனை நன்கு அறிவர். 1920களில் எழுந்து, ஆளுநர் மனிங் அவர்களுடைய துணைவியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒடுங்கிய இரும்புப் பாலம் ஒருபுறம். 2013இல் திறக்கப்பட்ட அகன்ற புதிய பாலம் மறுபுறம். புதிய பாலத்தின்மேல் ஸ்கூட்டர்கள் சாரிசாரியாகச் செல்கின்றன. ஆசிரியைகள், தாதிமார், அலுவலகப் பெண்கள், பிள்ளையை முன்னே நிறுத்தி முதியவரைப் பின்னே இருத்திய தாய்மார் எனப் பலரும் அவற்றை ஓட்டுகின்றனர். ஒரு வகை ஸ்கூட்டரின் பெயராகிய 'ஸ்கூட்டி' என்பது, இன்று எம்மூரிலே எல்லாச் சிறிய ஸ்கூட்டர்களுக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

இத்தகைய வாகனத்திலே குலுக்கம் குறைந்து, உடல் நோகாமற் பயணஞ் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நாம் கல்லூரியிற் பாடஞ் சொல்பவரேயன்றி இயந்திரம் திருத்துபவர் அல்லேம். ஆயினும், எமது இல்லத்திலே நேர்ந்த ஓர் இடர் இவ்விடயத்தை எமக்குக் கட்டாயப் பாடமாக்கிற்று. அப்பாடத்தைப் பெருஞ் செலவோடும் சிறிது வெட்கத்தோடும் கற்றோம். வாசகர்கள் அதனைச் செலவின்றிக் கற்கட்டும் என்பதே எமது விருப்பம்.

இல்லத்தில் நேர்ந்த இடர்

எமது துணைவியார் படுவான்கரையின் உட்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையிலே கணித ஆசிரியை. சாதாரணதர வகுப்புக்கு அங்கே கணிதம் கற்பிப்பவர் அவர் ஒருவரே. கல்லடியிலிருந்து புறப்பட்டு, நாவற்குடாவைக் கடந்து, நடுவீதியிலே பேரீச்ச மரங்கள் வரிசையாய் நிற்கும் காத்தான்குடியூடாக ஆரையம்பதி சென்று, மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டுவது அவருடைய அன்றாடப் பயணம். அதுவரை வீதி கண்ணாடி போன்றது. பின்னர் பெருவீதியை விட்டு உட்புறந் திரும்பினால் கிறவல் வீதி தொடங்கும். மாரி காலத்தில் அதிலே கிடங்குகள் நீர் நிறைந்து, ஆழந் தெரியாமற் கிடக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு இடுப்பிலே வலி கண்டது. முதலில் மாலையில் மட்டும் வந்த வலி, பின்னர் காலையிலும் நின்றது. வீடு வந்ததும் புத்தகப் பையை வைத்துவிட்டு வெறுந் தரையிலே படுத்துக்கொள்வார். ஒருநாள் இரவு, "இனி ஏலாதுங்க. இந்தக் கிழமை மாற்றத்துக்கு எழுதிக் குடுக்கப் போறன்" என்றார். அவர் அதைச் சொன்ன போது அழவில்லை. ஆயினும், அவ்வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்களை மடிமீது வைத்துக்கொண்டே சொன்னார் என்பது எம் நெஞ்சில் நின்றது. அவர் மாற்றம் பெற்றுச் சென்றால் அந்த இடத்துக்கு எத்தனை மாதங்களின் பின்னர் இன்னொருவர் வருவார் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

புதிய வாகனம் வாங்கலாமே என்று சிலர் கூறினர். 2020ஆம் ஆண்டிலே இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. 2025இலேயே அது மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. இருப்பதைச் செப்பனிட்டுக்கொள்வதைத் தவிர எமக்கு வேறு வழி இருக்கவில்லை.

நாம் செய்த இரு பிழைகள்

முதலாவது பிழை மெத்தை. நோவது இடுப்பு, இடுப்பின் கீழே இருப்பது ஆசனம், ஆகவே ஆசனத்தை மென்மையாக்கினால் நோவு தீரும் என்று எண்ணினோம். இஃது எவருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணமே. ஆசனம் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து, பழைய மெத்தைமேல் மூன்று விரற்கடை உயரத்துக்கு மென்மையான ஸ்பொஞ் வைத்துத் தைப்பித்தோம். கடையிலே கையால் அழுத்திப் பார்த்தபோது அது பஞ்சணை போன்றிருந்தது. அம்மென்மை வீதியிற் பயன்படவில்லை. அத்தகைய ஸ்பொஞ், அமர்ந்தவுடன் முழுவதும் அமுங்கிவிடும்; பின்பு கிடங்கின் அதிர்ச்சியைத் தாங்க அதனிடம் எதுவும் எஞ்சியிராது. அதனிலும் கொடியது உயரம். முன்னர் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிந்தன. இப்போது விரல் நுனி மட்டுமே பட்டது. மூன்றாம் நாள், சந்தையருகே மணல் படிந்த வீதியோரத்தில் நிறுத்த முயன்றவர் வாகனத்தோடு சரிந்து விழுந்தார். முழங்கையில் தோலுரிந்ததோடு போயிற்று. பின்னால் ஒரு பாரவண்டி வந்திருக்குமாயின் என்று எண்ணவும் நாம் அஞ்சுகின்றோம்.

இரண்டாவது பிழை காற்று. நண்பர் ஒருவர், "ரயர் கல்லுப் போல் இருக்கிறது, காற்றைக் குறைத்துவிடுங்கள்" என்றார். அவர் கூறியது பாதி உண்மை. நாமோ அளவு எதுவும் பாராமல், பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பாதிக்கு மேற்பட்ட காற்றை வெளியேற்றினோம். ஓரிரு நாட்கள் துணைவியார், "கொஞ்சம் சுகமாத்தான் இருக்கு" என்றார். கார்த்திகை மழையில் ஒரு பிற்பகல், நீர் மூடிய கிடங்கொன்றிலே பின்சில்லு இறங்கியபோது, காற்றுப் போதாத ரயர் நசுங்கி, சில்லின் இரும்பு விளிம்பு கல்லிலே மோதிற்று. இடையில் அகப்பட்ட ரியூப்பிலே இரு ஓட்டைகள். விளிம்பிலே ஒரு நெளிவு. அன்று அவர் நனைந்தபடியே வாகனத்தைத் தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தார். வீடு வந்தபின் எம்மிடம் ஒன்றும் கூறவில்லை. அம்மௌனம் எமக்குப் போதிய தண்டனையாயிற்று.

தம்பியின் ஐந்து நிமிடம்

மறுநாள் அவ்வாகனத்தை எம்மிடம் முன்னர் படித்த ஒரு தம்பியின் கராச்சுக்குக் கொண்டு சென்றோம். நாம் மெத்தையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியபோதே அவர் சிரித்துவிட்டு, "சேர், மெத்தையக் கடைசியாப் பாப்பம். முதல்ல காத்து" என்றார். முன்சில்லுக்கு அன்று காலையிற் காற்று நிரப்புமிடத்தில் அடிப்பித்திருந்தோம். காற்றழுத்தமானியை வைத்தபோது முள் 40 இறாத்தலைக் காட்டிற்று. வாகனத்தோடு வந்த கைந்நூல் கூறும் அளவைவிட அது பெரிதும் மிகை. "எவ்வளவு காலமா இப்பிடி அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எமக்கு நினைவு வந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே, தேசிய எரிபொருள் அனுமதி முறை தொடங்கியபோது, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. ரயர் இறுகியிருந்தால் பெற்றோல் மிஞ்சும் என்று கேள்விப்பட்டு, இரு சில்லுகளுக்கும் கல்லுப் போலக் காற்றடிப்பித்தோம். நெருக்கடி தீர்ந்தது, அப்பழக்கம் தீரவில்லை. அவ்வாண்டுகளில் மிச்சம் பிடித்த பெற்றோலுக்கான விலையை எம் துணைவியாரின் முதுகெலும்பு செலுத்திக்கொண்டிருந்தது.

தம்பி அத்தோடு நிற்கவில்லை. ஆசனத்தின் பின்புறத்தை இரு கைகளாலும் அழுத்தி விட்டார். வாகனம் மேலெழுந்து, மீண்டும் தாழ்ந்து, மறுபடியும் எழுந்து, மூன்று நான்கு முறை ஆடி நின்றது. பின்புறச் சொக்கப்சோபரை விரலால் தடவிக் காட்டினார். விரலிலே எண்ணெய் படிந்தது. இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இறப்பர்ப் புஷ்கள் வெடித்திருந்தன. கைபிடித் தண்டின் கீழுள்ள குண்டுகள் தேய்ந்து, கைபிடியைத் திருப்பும்போது நடுவிலே ஒரு 'தட்டு' உணரப்பட்டது. "சேர், சாமான் பிழையில்ல, ஒவ்வொண்டாத் தேஞ்சிருக்கு. தேஞ்சதப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாலே பாதிக் குலுக்கம் போகும்" என்றார்.

சிறிய சில்லு ஏன் குலுங்குகின்றது?

அன்று மாலை எமது இல்லத்திலே கணித வகுப்பொன்று நடந்தது. ஆசிரியை எம் துணைவியார், மாணவர் நாம். மாணவ வாசகர்களும் இதனைப் பென்சில் எடுத்துச் செய்து பார்க்கலாம்.

பத்து அங்குல விளிம்பிலே மூன்று அங்குல ரயரை மாட்டினால் சில்லின் முழு விட்டம் ஏறத்தாழ 16 அங்குலம், அதாவது 40 சென்ரிமீற்றர். அரைவிட்டம் 20 சென்ரிமீற்றர். வீதியிலே 20 சென்ரிமீற்றர் அகலமான கிடங்கொன்று உளதெனக் கொள்வோம். சில்லு அதன் இரு ஓரங்களிலும் தங்கி நிற்கும்போது எவ்வளவு கீழிறங்கும்? பைதகரசின் தேற்றம் விடை தரும். அரைவிட்டத்தின் வர்க்கம் 400, கிடங்கின் பாதி அகலமாகிய 10இன் வர்க்கம் 100, கழித்தால் 300. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17.3. இருபதிலிருந்து அதனைக் கழிக்கச் சில்லு 2.7 சென்ரிமீற்றர் இறங்குகின்றது என அறிகின்றோம். எம் தந்தையார் ஓட்டிய 28 அங்குலச் சைக்கிளின் அரைவிட்டம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அதே கணக்கைச் செய்தால் அது 1.5 சென்ரிமீற்றரே இறங்கும். ஒரே கிடங்கு, ஸ்கூட்டருக்கோ ஏறத்தாழ இருமடங்கு ஆழம்! சைக்கிளைவிட வேகமாகவும் அது செல்கின்றது. குலுக்கத்தின் முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் ஸ்கூட்டரின் அமைப்பிலேயே உளது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இயந்திரமும் பின்சில்லும் ஒரே கூட்டாக மேலுங் கீழும் அசைகின்றன. சில்லு ஒரு கல்லின்மேல் ஏறும்போது அந்தப் பாரம் அத்தனையும் கூடவே உந்தப்படுகின்றது. கனமான பொருள் வேகமாக மேலெழுந்தால் அதனை அடக்குதல் எளிதன்று. அதற்கு நேர்மேலே அமர்ந்திருப்பவர், சிறப்பாகப் பின்னால் அமர்ந்திருப்பவர், அவ்வடியைப் பெறுகின்றார். வயதான தாயாரைப் பின்னே ஏற்றிச் செல்பவர்கள் இதனை மறத்தலாகாது.

மூன்றாவது காரணம் எம் உடலிலேயே உளது. ஊஞ்சலை அதன் இயல்பான அசைவுக்கு ஒத்த நேரத்திலே தள்ளினால், சிறு விசையும் அதனைப் பெரிதாக ஆட்டிவிடும். அமர்ந்திருக்கும் மனிதருடைய மேலுடலுக்கும் அத்தகைய இயல்பான அசைவு உண்டு. அது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை. வாகனத்தின் குலுக்கம் அவ்வேகத்தை ஒத்திருக்கும்போது முதுகெலும்பு பெரிதும் துன்புறுகின்றது. இடுப்பு வலியுள்ளவர் நாள்தோறும் நெடுநேரம் குலுங்குதல் வலியை வளர்க்கும் என்பது மருத்துவ அறிஞர் ஒப்புக்கொண்ட உண்மை.

சுகம் தேடியவர்களின் வரலாறு

குலுக்கத்தை வெல்லும் முயற்சி எம்மோடு தொடங்கியதன்று. சில்லுக்குள் காற்றை அடைக்கும் எண்ணத்தை 1845ஆம் ஆண்டிலேயே ரொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பதிவு செய்தார். உலகம் அதனை மறந்துவிட்டது. 1888இலே பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் சிறு மகனுடைய முச்சில்லுச் சைக்கிள் குலுங்காதிருக்கும் பொருட்டு இறப்பர்க் குழாயிலே காற்றடைத்துக் கட்டினார். அதன் பின்னரே காற்று ரயர் உலகெங்கும் பரவிற்று. பிள்ளையின் உடல் நோகலாகாது என்ற ஒரு தந்தையின் கவலை, கோடிக்கணக்கான மக்களின் பயணத்தை மாற்றியமைத்தது.

ஸ்கூட்டரின் கதையும் இவ்வாறானதே. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இத்தாலியிலே என்றிக்கோ பியாஜியோவின் தொழிற்சாலைக்காக, கொராடினோ டஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர் 1946இல் வெஸ்பாவை வடிவமைத்தார். மோட்டார்ச் சைக்கிளை அவர் விரும்பாதவர். அது அழுக்கானது, ஏறி அமர்வதற்கு வசதியற்றது என்பது அவர் கருத்து. உடை அழுக்காகாமல், கால்களைச் சேர்த்து வைத்து அமரக்கூடிய வாகனத்தை அவர் ஆக்கினார். சேலையோடும் வேட்டியோடும் ஸ்கூட்டர் ஓட்ட முடிவது அந்த எண்ணத்தின் பயனே. ஆயினும், முதல் வெஸ்பாவின் சில்லுகள் எட்டு அங்குல விளிம்புடையவை. பின்சில்லுக்குச் சுருள்வில் இருக்கவில்லை. 1948இல் வந்த 125 சீசீ வெஸ்பாவிலே பின்சில்லுக்கும் சுருள்வில் அமைந்தது. 1955இல் வந்த 150 ஜீஎஸ் வகையிலே சில்லு பத்து அங்குலமாயிற்று. ஆக, அதனை ஆக்கியவர்களும் சில்லு, சுருள்வில் என்னும் அடிப்படைகளிலேயே சுகத்தைத் தேடினர். நாமோ மேலே மெத்தையை அடுக்கினோம்!

செய்யவேண்டிய ஒழுங்கு

தம்பி கற்பித்த ஒழுங்கை, செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை இங்கே தருகின்றோம்.

முதலாவது காற்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஏற்ற அளவு கைந்நூலிலோ வாகனத்தில் ஒட்டிய தாளிலோ எழுதப்பட்டிருக்கும். முன்சில்லுக்கு ஓர் அளவு. பின்சில்லுக்கு அதனிலும் கூடிய அளவு. பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின்சில்லுக்கு மேலுஞ் சிறிது. ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் கூடித் தோன்றும். ஆதலின் காலையில், ஓடுவதற்கு முன்னரே அளத்தல் வேண்டும். சிறிய காற்றழுத்தமானி ஒன்றை வீட்டிலே வைத்திருத்தல் நன்று. நாம் வீணாக்கிய மெத்தைப் பணத்திலே அத்தகைய மானிகள் பல வாங்கியிருக்கலாம். ரயர் தேய்ந்தோ, பழமையால் இறப்பர் இறுகி வெடித்தோ இருந்தால் மாற்றுதல் வேண்டும். பெரிய ரயர் சுகம் தரும் என்று கூறிச் சிலர் பொருந்தாத அளவை மாட்டுவர். அது மட்காட்டில் உராயும். திருப்பத்திலே தடுமாறச் செய்யும். நிறுவனம் குறித்த அளவே போதுமானது.

இரண்டாவது தேய்ந்த உறுப்புகள். இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர்ப் புஷ், கைபிடித் தண்டின் குண்டுகள், சில்லின் பெயாரிங் ஆகியவை சிறியவை, விலையும் பெரிதன்று. இவை தேய்ந்தால் வாகனம் முழுவதும் ஓயாமல் அதிரும். அதனை நாம் வீதியின் குற்றம் என எண்ணிக்கொள்வோம்.

மூன்றாவது சொக்கப்சோபர். இதிலே இரு பகுதிகள் உள. சுருள்வில் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் ஏற்றதை உடனே திருப்பித் தந்துவிடும். அதனை அடக்குவது உள்ளேயிருக்கும் எண்ணெய். ஊசிமருந்துக் குழாயை மெல்லத் தள்ளினால் மருந்து இலகுவாகச் செல்லும். விரைந்து தள்ளினால் எதிர்க்கும் அன்றோ? அவ்வாறே எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்கப்பட்டு, துள்ளலைச் சிறு சூடாக மாற்றி அழிக்கின்றது. எண்ணெய் ஒழுகிப் போனால் சுருள்வில் தனியே துள்ளும். தம்பி செய்த சோதனையை எவரும் வீட்டிலே செய்யலாம்: அழுத்தி விட்டால் வாகனம் ஒருமுறை எழுந்து அமைதியாக நிற்றல் வேண்டும். பலமுறை ஆடினால் சொக்கப்சோபரின் ஆயுள் முடிந்ததென அறிக.

மாற்றும்போது அதே நீளமுடையதையே வாங்குதல் வேண்டும். நீளமானதைப் போட்டால் வாகனத்தின் பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழும். கைபிடி நிலையில்லாமல் துடிக்கும். மிகவும் இறுக்கமான சுருள்வில் பாரமானவருக்கே ஏற்றது. மெலிந்தவருக்கு அது கட்டையில் அமர்ந்தது போலாகும்.

கல்லடி போன்ற ஊரில் வாழ்வோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, எம்மைச் சூழ்ந்திருப்பது உப்புக் காற்று. முன்சில்லைத் தாங்கும் பளபளப்பான தண்டுகளிலே உப்புப் படிந்து துருப் புள்ளிகள் உண்டானால், அவை எண்ணெயைக் காக்கும் இறப்பர் வளையத்தை அறுத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை நன்னீரால் கழுவி, அத்தண்டுகளை மென்துணியால் துடைத்தல் போதும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நான்காவதே ஆசனம். மேற்கூறிய மூன்றும் சரியான பின்பும் குறை தோன்றினால் மட்டும் இதிலே கை வைக்கலாம். மெத்தை உயரமாதல் கூடாது. மென்மையிலும் உறுதியே முக்கியம். கையால் அழுத்தினால் மெதுவாக அமுங்கி, அமர்ந்த பின்னரும் தாங்கும் வலுவுள்ள ஸ்பொஞ்சே ஏற்றது. எமது ஆசனத்திலே மேலதிக ஸ்பொஞ்சை அகற்றி, நைந்த பழையதற்குப் பதிலாக உறுதியான ஒன்றை அதே உயரத்தில் வைப்பித்தோம். முன்பக்க ஓரங்களைச் சிறிது ஒடுக்கியதால் பாதங்கள் முன்னைவிட நன்றாகத் தரையிற் பதிந்தன. தையல் வழியே மழைநீர் புகாதிருக்க உள்ளே ஒரு பொலித்தீன் உறையும் இடப்பட்டது. நீர் குடித்த ஸ்பொஞ் மாரி முழுவதும் உலராது.

ஐந்தாவது ஓட்டுபவர். கிடங்கைக் கண்டால் அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, சில்லு இறங்கும் நேரத்திலே பிறேக்கை விட்டுவிடல் வேண்டும். கிடங்கினுள்ளே முன்பிறேக் பிடித்தால் பாரம் முன்னே சாய்ந்து, சுருள்வில் ஏற்கெனவே அமுங்கிவிடும்; அடியை ஏற்க அதனிடம் இடமிராது. நீர் மூடிய கிடங்கை ஆழமானதென்றே கொள்ளுதல் அறிவுடைமை. புத்தகப் பை, சாப்பாட்டுப் பெட்டி, காய்கறி யாவற்றையும் முதுகிலே சுமந்தால் அப்பாரமும் ஒவ்வொரு குலுக்கத்திலும் முதுகெலும்பையே அழுத்தும். ஆசனத்தின் கீழுள்ள பெட்டி அதற்காகவே உளது.

இன்றைய நிலை

வாகனம் திருத்தப்பட்ட மறுநாள் காலை துணைவியார் புறப்பட்டபோது நாம் வாயிலிலே நின்றோம். மாலையில் அவர் வந்து, பையை வைத்து, தரையிலே படுக்காமல் நேரே அடுக்களைக்குச் சென்று தேநீர் வைத்தார். "எப்படி?" என்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை. தேநீரைக் கொண்டுவந்து தந்தபடி, "கிறவல் றோட்டில கிடங்கு தெரியுது, அடி தெரியல்ல" என்றார்.

வலி ஒரே நாளில் தீர்ந்துவிட்டதென்று சொல்வது பொய்யாகும். வைத்தியர் கற்பித்த உடற்பயிற்சியை அவர் மாதக்கணக்கிற் செய்தார், இன்றும் செய்கின்றார். குளிர் மிகுந்த சில காலைகளில் இன்றும் இடுப்பைப் பிடித்துக்கொள்வதுண்டு. வாகனத்தைத் திருத்துவது மருத்துவத்துக்கு மாற்றாகாது. நீங்காத வலியுள்ளவர் முதலில் வைத்தியரிடமே செல்லுதல் வேண்டும். ஆயின், நாள்தோறும் புண்ணைக் கிளறிக்கொண்டு மருந்திடுவதாற் பயன் என்ன? அக்கிளறலை நிறுத்தியதே நாம் செய்த வேலை.

மாற்றத்துக்கான விண்ணப்பம் எழுதப்பட்டு, கையொப்பமும் இடப்பட்டு, மேசை இழுப்பறையிலே இருந்தது. அண்மையில் எதையோ தேடியபோது அது எம் கையில் அகப்பட்டது. அதன் பின்புறத்திலே பென்சிலால் ஒரு வட்டமும், அதன் கீழ் ஒரு கிடங்கும், 400, 100, 300 என்ற எண்களும் இருந்தன. பைதகரசின் தேற்றத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக அன்று வரைந்த படம் என்று அறிந்தோம். அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் அதே கிறவல் வீதியிலே சைக்கிளில் வருபவர்கள். தாம் நாள்தோறும் கடக்கும் கிடங்கின் ஆழத்தை அவர்கள் தாமே அளந்து கணக்கிட்டு வந்தார்களாம்.

வாசகர்களே, உங்கள் இல்லத்து முற்றத்திலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கலாம். அதில் நாள்தோறும் செல்பவர் உங்கள் தாயாராகவோ, மனைவியாகவோ, மகளாகவோ இருக்கலாம். குலுங்குகின்றது என்று அவர்கள் முறையிட்டால், "வீதி அப்படி" என்று தள்ளிவிடாதீர்கள். வீதியைத் திருத்துதல் எம் கையில் இல்லை. நாளைக் காலை அவர்கள் புறப்படுமுன்னர், இரு சில்லுகளின் காற்றையும் அளந்து பார்த்தல் எம் கையில் உளது. அங்கிருந்து தொடங்குங்கள்.